வளர்ப்புக்கு எடுக்கப் போகிறோம், மனதில் தத்தெடுக்கும் ஆசை இருக்கிறது. இது தப்பா?

பீளமேடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் 2023-ல் காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) இணையதளத்தில் தத்தெடுப்புக்குப் பதிவு செய்தோம். அப்போதே எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 91 வந்தது. 90-ஐத் தாண்டிவிட்டால் நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தை கிடையாது என்பது விதி. அதனால் 4 முதல் 8 வயதுக்குள் ஒரு பிள்ளை என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறோம். இன்னும் அழைப்பு வரவில்லை.

போன மாதம் என் நாத்தனார் ஒரு வழி சொன்னார். "வளர்ப்புப் பராமரிப்புக்கு எழுதிக் கொடுங்க, பெத்தவங்களால பார்த்துக்க முடியாத பிள்ளையைத் தத்தெடுக்காம வீட்டுல வச்சு வளர்க்கிற முறை அது. பிள்ளை சீக்கிரம் வீட்டுக்கு வந்துரும். ரெண்டு வருஷம் ஆனா அதே பிள்ளையைத் தத்தெடுத்துக்கலாம், சட்டமே மாறிருக்கு" என்றார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் விசாரித்தோம். அங்கே பேசியவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். ஏழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறானாம். அப்பா சிறையில். அம்மா வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவைப் பெற்ற பாட்டி இருக்கிறார், வளர்க்கத் தெம்பில்லை, ஆனால் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போகிறார். இதைச் சொல்லிவிட்டு, "தத்தெடுக்கிற எண்ணத்தோட மட்டும் இந்தப் பையனைக் கேக்காதீங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும் கணவர், "திருப்பிக் கொடுக்கறதுக்கு எதுக்கு வளர்க்கணும்?" என்று கேட்டார். எனக்கோ அந்தப் பையன் நினைப்பு போகவே இல்லை. பார்க்கக்கூட இல்லை, அதற்குள் அவனுக்கு எந்த அறை என்று யோசிக்கிறேன். இப்படி ஆசைப்படுவது தப்பா? எதிர்பார்ப்போடு எடுத்தவர்களுக்குக் கடைசியில் என்ன ஆனது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை

நாங்கள் மதுரைப் பக்கம். ஒரு பெண்பிள்ளையை எட்டு வயதில் வளர்ப்புக்கு எடுத்தோம், இப்போது பத்தாவது படிக்கிறாள். தத்தெடுக்கவில்லை. அவள் அம்மா இருக்கிறார். மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார், மகளைப் பார்க்க வருகிறார். இதெல்லாம் தெரிந்துதான் எடுத்தோம்.

உங்கள் ஆசை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளையை இன்னும் பார்க்காமலே அவனுக்கு அறை யோசிக்கிற மனசு எல்லோருக்கும் வராது. ஆனால் அந்த ஆசையைப் பையன் தலையில் ஏற்றிவிடக் கூடாது. ஏற்றினால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்களோடு வளர்ப்புப் பெற்றோர் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பதி. வசதியான குடும்பம், தங்கமான மனிதர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அவர்கள் வீட்டுக்கு வந்தான். வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் கூப்பிட வேறு பெயர் வைத்தார்கள். இரண்டாவது மாதம் குலதெய்வக் கோயிலில் முடியெடுத்துக் காது குத்தி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கிடா விருந்து. "எங்க வாரிசு" என்று அறிமுகம் செய்தார்கள். அந்தப் பையனுக்கு ஓர் அக்கா உண்டு, வேறோர் இல்லத்தில் இருந்தாள். வாராவாரம் அவளைப் பற்றிக் கேட்பானாம். பார்க்காமல் இருந்தால் மெல்ல மறந்துவிடுவான், இங்கே ஒட்டிக்கொள்வான் என்று இவர்கள் நினைத்தார்கள். ஒருநாள் பள்ளி விட்டு வீட்டுக்கு வராமல், அக்கா இருக்கும் ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டில் போய் நின்றிருக்கிறான். குழந்தைகள் நலக் குழு (இப்படிப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் மாவட்டக் குழு) கூப்பிட்டு விசாரித்தபோது, "எனக்கு அக்காகிட்ட போணும்" என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு வருடம் முடிவதற்குள் அந்த ஏற்பாடு முறிந்தது. அந்த அம்மா இன்றும் அவன் பெயரைச் சொன்னால் அழுவார்.

அவர்களிடம் பாசம் குறைச்சல் இல்லை. வந்த நாளிலிருந்தே அவனைத் தத்துப் பிள்ளையாகப் பார்த்ததுதான் சிக்கல். அந்தப் பார்வை வந்துவிட்டால் அக்கா இடைஞ்சலாகத் தெரிவாள், பழைய பெயர் இடைஞ்சலாகத் தெரியும், பாட்டி வருகிற நாள் வயிற்றைக் கலக்கும். பிள்ளைக்கோ அதெல்லாம்தான் தன்னுடையது. நீங்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், பாட்டி வந்துபோன அன்று உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை ஏழு வயதுப் பையன் சுலபமாகப் படித்துவிடுவான்.

இன்னோர் எதிர்பார்ப்பும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. பிள்ளை நம்மிடம் நன்றியோடு இருக்கும் என்பது. எங்கள் பெண் வந்த புதிதில் தட்டைத் தானே கழுவுவாள், கேட்காமலே வீடு பெருக்குவாள், எதைக் கொடுத்தாலும் "போதும்" என்பாள். வந்து பார்த்தவர்களெல்லாம் "எவ்வளவு அடக்கமான பிள்ளை" என்றார்கள். அது பயம். மூன்றாவது மாதம் அவள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே காய்ந்துபோன சப்பாத்தி, பிஸ்கட் தூள், கல்யாண வீட்டில் கொடுத்த ஊறுகாய்ப் பொட்டலம், உறையெல்லாம் எண்ணெய்க் கறை. ஏதாவது கேட்டால் திருடி என்று நினைத்துவிடுவோமோ என்று பயப்படுவாள் என்பதால் எதுவும் கேட்கவில்லை. மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, கடலை மிட்டாயும் பொரியும் போட்டு, "இது உன்னோடது, யாரும் எண்ண மாட்டாங்க" என்றேன். தினம் காலையில் காலியாக இருக்கும், தினம் ராத்திரி நிரப்பி வைப்பேன். அது நிரம்பியபடியே நிற்க வெகுநாள் ஆயிற்று.

அப்புறம்தான் உண்மையான பெண் வெளியே வந்தாள். கதவை அறைவது, பொய், "நீ என் அம்மா இல்ல" என்கிற கத்தல் எல்லாம். பல வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். இங்கே இருக்கலாம் என்று லேசாக நம்பிக்கை வந்த பிறகுதான் பிள்ளை இப்படிச் சோதிக்கும். நாம் பாசத்தைத் திருப்பி எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த மாதங்களைத் தாண்டவே முடியாது.

அவள் அம்மா வருகிற நாள்கள் ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டம். முந்தின நாள் சாப்பிட மாட்டாள், மறுநாள் பள்ளியிலிருந்து ஃபோன் வரும். ஒருமுறை அந்த அம்மா முறுக்கு சுட்டு எடுத்து வந்தார், நான் ஒரு பிளாஸ்க்கில் டீ கொண்டு போனேன். அலுவலக வராந்தா பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு இவளுக்குப் பல் வரிசை சரியில்லை, கிளிப் போட வேண்டுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். இவள் நடுவில் வந்து உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு மறுநாள் ஃபோன்கள் குறைந்தன.

சில வருடம் ஆனபோது எங்களிடமும் தத்தெடுப்பு பற்றிக் கேட்டார்கள். அம்மா ஒப்படைக்க விரும்பவில்லை. பெண்ணிடம் கேட்டதற்கு, "இங்கேயே இருக்கேன், ஆனா அம்மா பேரு மாறக் கூடாது" என்றாள். சரி என்றோம். வருத்தம் இல்லாமல் இல்லை. பள்ளிப் படிவத்தில் பெற்றோர் இடத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது, பாதுகாவலர் என்றுதான் போடுவேன். சொத்துரிமை தானாக வராது, உயில் எழுத வேண்டும், எழுதியிருக்கிறோம். என் மாமியார் முதலில் "யார் வீட்டுப் பிள்ளைக்கோ" என்று ஆரம்பித்தவர். இப்போது அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதே அவள்தான்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் ஓர் எதிர்பார்ப்பிலும் அவர் வேறோர் எதிர்பார்ப்பிலும் இருந்தால் பையன் நடுவில் மாட்டிக்கொள்வான். இதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

களப்பணி

குழந்தைகள் பாதுகாப்பில் பல வருடம் வேலை பார்த்தவன். மேலே அக்கா எழுதியதோடு சட்ட விவரமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

உங்கள் நாத்தனார் சொன்னது பாதி சரி. 2024-ல் வந்த மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளின்படி, வளர்ப்புக் குடும்பத்தில் இரண்டு வருடம் இருந்த பிள்ளையை அந்தக் குடும்பமே தத்தெடுக்க முன்னுரிமை உண்டு. முன்பு இது ஐந்து வருடம். ஆனால் இரண்டு வருடம் ஆனதும் தானாக எதுவும் நடக்காது. அந்தப் பிள்ளை தத்துக்குச் சட்டப்படி தகுதியானவன் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்திருக்க வேண்டும். ஆதரவற்றவர், கைவிடப்பட்டவர், பெற்றோர் முறைப்படி ஒப்படைத்தவர், பார்க்க யாருமே வராதவர், தகுதியற்ற பாதுகாவலரைக் கொண்டவர் என்ற வகைகளில் வந்தால்தான் அப்படி அறிவிப்பார்கள். நீங்கள் சொல்லும் பையனுக்கு மாதாமாதம் பாட்டி வருகிறார். அப்பா சிறையில் இருக்கிறார் என்பதால் மட்டும் அவர் அப்பா இல்லாமல் போய்விட மாட்டார். அலுவலகத்தில் பேசியவர் உங்களை எச்சரித்தது நியாயம்.

காத்திருக்கும் வலி எனக்குப் புரிகிறது. 2024-25-ல் நாடு முழுக்க நடந்த தத்தெடுப்பு 4,515, கிட்டத்தட்டப் பன்னிரண்டு வருடங்களில் அதுதான் அதிகம் என்று காரா சொன்னது. வரிசையில் நிற்பவர்களோ முப்பதாயிரத்துக்கும் மேல். இந்த இடைவெளியால்தான் பலர் வளர்ப்புப் பராமரிப்பைக் குறுக்கு வழியாகப் பார்க்கிறார்கள். தத்துதான் வேண்டும் என்றால் வயது வரம்பை உயர்த்திப் பாருங்கள். பெரும்பாலானோர் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை. பத்து வயதுப் பிள்ளைகளைக் கேட்க ஆள் இல்லை.

பெரிய பிள்ளை என்றால் தயாரிப்பும் பெரிதாக வேண்டும். 2017 முதல் 2019 வரை தத்துக் கொடுத்த 6,650 பிள்ளைகளில் 278 பேர் திரும்பி வந்தார்கள் என்று காராவின் கணக்கு ஒன்று செய்திகளில் வந்தது. அதில் ஆறு வயதைத் தாண்டியவர்கள் நிறைய. வீட்டு ஆய்வுக்குப் போகும்போது நான் கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்பேன்: "ஐந்து வருடம் கழித்து இந்தப் பிள்ளை எங்கே இருப்பான்?" இரண்டு பதிலும் ஒத்துப்போகாத வீடுகளில்தான் எனக்குப் பிறகு வேலை அதிகமாக இருந்தது.

இன்னொன்று. எதிர்பார்ப்பே இல்லாமல் இருக்க வேண்டும் என்று சிலர் உபதேசம் செய்வார்கள், அதை நம்பாதீர்கள். அமெரிக்காவில் மேரி டோசியர் என்ற உளவியல் பேராசிரியரின் குழு வளர்ப்புத் தாய்மார்களிடம் பேட்டி எடுத்து ஆராய்ந்திருக்கிறது, 2006-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. இந்தப் பிள்ளை போய்விட்டால் எவ்வளவு ஏங்குவீர்கள், இவனை நீங்களே வளர்த்து ஆளாக்க ஆசை உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். மனசை முழுதாகக் கொடுத்தவர்களிடம் பிள்ளைகள் நிலையாகத் தங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஏற்கெனவே நிறையப் பிள்ளைகள் வந்துபோன வீடுகளில் இந்த ஈடுபாடு குறைவாக இருந்தது. பிரியும்போது வலிக்குமே என்று முதலிலேயே பாசத்தை அளந்து கொடுத்தால் அது பிள்ளைக்கு நல்லதில்லை. பிரிந்தால் வலிக்கட்டும் என்று துணிந்தவர்கள்தான் இதற்கு வர வேண்டும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் யாராவது குத்திக் காட்டுவார்கள். மிஷன் வத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். அது பிள்ளையின் செலவுக்கானது, வாங்கிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்

நான் லண்டனில் வளர்ப்புத் தாயாக இருக்கிறேன். இங்கே தத்தெடுக்க ஆசைப்படுகிறவர்களே குழந்தையை முதலில் வளர்ப்பு முறையில் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இரண்டுக்கும் சேர்த்தே அனுமதி கொடுப்பார்கள். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது குழந்தை இவர்களிடம் இருக்கும். நீதிமன்றம் தத்துக்கு விட்டால் அங்கேயே தொடரும். தாயிடமோ சொந்தக்காரரிடமோ போகச் சொன்னால் போக வேண்டும். 26 வாரத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்று 2014 சட்டம் சொல்கிறது, ஆனாலும் இழுக்கும்.

என் தோழி ஒருத்தி அப்படி ஒரு கைக்குழந்தையை வைத்திருந்தாள். வாரத்தில் பல நாள் பெற்ற தாயைச் சந்திக்கக் கூட்டிப் போவாள். குழந்தைப் பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். எத்தனை மணிக்குப் பால் குடித்தான், வயிறு எப்படி என்று இவள் எழுதி அனுப்புவாள், அந்தத் தாய் பதில் எழுதி அனுப்புவார். கடைசியில் குழந்தை சித்தியிடம் போனது. தோழி பல மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்தக் குழந்தை வீடு மாறும்போது ஒருநாள்கூடப் பட்டினியாக அழவில்லை, ஏனென்றால் சித்தி கையில் அந்த நோட்டு இருந்தது. அடுத்த குழந்தைக்கும் அவள் அதே முறையில்தான் சம்மதித்தாள். இரண்டு முடிவுக்கும் மனசைத் தயார்படுத்த இங்கே சமூகப் பணியாளர்கள் பல மாதம் செலவிடுகிறார்கள். நம் ஊரிலும் அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தியூர்

நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவன் அக்கா. இப்போது கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள்.

என்னை முதலில் எடுத்த வீட்டில் நல்ல சாப்பாடு, நல்ல துணி எல்லாம் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவனை டாக்டர் ஆக்கப் போறோம்" என்பார்கள். எனக்கு அப்போது தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். மார்க் அட்டை வருகிற வாரம் காய்ச்சல் வந்துவிடும். கொஞ்ச நாளில் என்னை இல்லத்தில் திரும்ப விட்டார்கள். வண்டியில் போகும்போது யாரும் பேசவில்லை. மார்க் வாங்கியிருந்தால் வைத்திருப்பார்கள் என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாக வந்தவர்கள் ஒரு தறிக்காரர் குடும்பம். அவர்கள் என்னிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான், ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட வீட்டில் இருக்க வேண்டும். நான் வராவிட்டால் அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடுவார், அடிக்க மாட்டார். தத்தெடுக்கவில்லை, காகிதத்தில் இன்றும் நான் அவர்களுக்கு யாரோ. என் கல்யாணத்தில் தாரை வாங்கியவர்கள் அவர்கள்தான்.

அந்தப் பையன் உங்களிடம் வந்தால், எவ்வளவு நாள் இருப்பான் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு உண்மையை அவனிடம் சொல்லுங்கள். "எப்பவும் இங்கதான்" என்று உங்களால் சொல்ல முடியாதபோது சொல்லாதீர்கள். "நீ எங்க போனாலும் நான் உன்னைத் தேடி வருவேன்" என்பதைச் சொல்ல முடியும் இல்லையா?

பீளமேடு

எல்லோருக்கும் நன்றி. அந்தியூர் தம்பி எழுதியதைக் கணவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பாட்டி எந்த ஊருன்னு கேட்டியா?" என்றார். காரா பதிவை விடப் போவதில்லை, அதில் வயது வரம்பை உயர்த்துவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பையன் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடும் முன் பாட்டியைச் சந்திக்கக் கேட்கலாமா? அதிகப்பிரசங்கித்தனமாக நினைப்பார்களா?

வைகைக்கரை

தாராளமாகக் கேளுங்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. அலுவலகத்தின் வழியாகவே சந்தியுங்கள், நீங்களாக ஊரைக் கண்டுபிடித்துப் போக வேண்டாம், பாட்டி பயந்துவிடுவார். பையனுக்கு என்ன பிடிக்கும், ராத்திரி எப்படித் தூங்குவான், எதைக் கண்டு பயப்படுவான் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வயதில் மாதாமாதம் பஸ் ஏறி வருகிறவர், அவர் சந்திக்க வசதியான இடமாகப் பார்த்து ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பாட்டியிடம் அவரே பேசட்டும்.